மூன்று மாடி உயர டிரைவர்

மார்ச் 3, திங்கள்

மருமகள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் ஒழுகுகிற குழாயும்தான்.

இந்தப் போனில் நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும். அமுக்கினால் திரும்பப் படித்தும் காட்டும். அவள்தான் செய்து கொடுத்தாள். "தனியா முணுமுணுத்துக்கிட்டே இருக்கீங்க மாமா. அதை இதுகிட்ட முணுமுணுங்க. நான் எடுத்துப் பாக்க மாட்டேன், சத்தியமா" என்றாள். வாய்க்கு வந்தபடி பேசினால் கண்டதையும் எழுதி வைக்கிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போல நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். கைநாட்டு நான், நாட்குறிப்பு எழுதுகிறேன். என் வீட்டுக்காரி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம். புதிதாகத் திறக்கிற ஆஸ்பத்திரிகளில் ரத்தம் சோதிக்கிற லேப்பை அமைத்துக் கொடுத்து, அங்கே இருப்பவர்களைப் பழக்கிவிட்டு, அடுத்த ஊருக்குப் போவது அவள் வேலை. என் மகன் தவறிப்போய் மூன்று வருடமாகிறது. அவன் போன பிறகுதான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். ஒரே ஊரில் இருக்க முடியவில்லை அவளால். "நீங்களும் வாங்க மாமா, எனக்கு ஒரு துணை" என்றாள். யார் யாருக்குத் துணை என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தெருப் பெயரைப் படிக்கத் தெரியாதவன் புது ஊரில் எப்படி நடப்பது? டீக்கடை, மரம், கோணல் கம்பம் என்று ஏதாவது குறித்துக்கொள்வேன். இங்கே கடைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. மரமே இல்லை. ஆனால் சுவர்களில் படம் இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு திமிங்கிலம். வால் எங்கே என்று தேடிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தேன். சுற்றி முடித்தால் வால் நுனி அதன் வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மறுபடியும் சுற்றினேன். காவலுக்கு இருந்தவர், "என்ன பெரியவரே, தொட்டிய விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்றார்.

அதற்கு அடுத்த முனையில் குடை பிடித்த ஒரு பெண். மழை இல்லை, வெயிலும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் ஒரு பச்சைக் கதவு, அதன் படியில் பூனை. கதவும் படம், பூனையும் படம். நான் கதவைத் தட்டிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஆக, திமிங்கிலத்தில் வலது. குடைக்காரியில் இடது. பூனை வந்தால் வீடு.

வாழ்நாள் முழுவதும் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிப் பிழைத்தவன் நான். சுவரை ஒரு முழத் தூரத்தில் பார்த்தே காலம் போயிற்று. சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினால் அதே லாரியில் நாங்களும் ஏறி அடுத்த இடம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஒரு சுவரை முழுசாகப் பார்த்ததாக நினைவே இல்லை. இப்போது எதிர்ப்பக்கத்தில் நின்று நின்று கால் கடுக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

குடைக்காரியைக் காணோம்.

நேற்று இருந்தாள். இன்று அங்கே பளிச்சென்று வெள்ளைச் சுவர், அதில் ஆள் உயரத்துக்கு எழுத்து. எழுத்து எனக்கு என்ன சொல்லும்? திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் நேராகப் போய்விட்டேன். போகப் போக எல்லாமே வேறு ஊர் போல இருந்தது. மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, போனில் மருமகள் படத்தை அமுக்கினேன்.

"எங்க இருக்கீங்க மாமா?"

"ஒரு சுவத்துக்குப் பக்கத்துல."

"எந்தச் சுவரு?"

"வெள்ளச் சுவரு."

"கடவுளே. பக்கத்துல யாராவது இருந்தா போனைக் குடுங்க."

காய்கறி வண்டிக்காரர் வாங்கி இடம் சொன்னார். வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாள். டாக்டர் ஓடுகிறார் என்று அவள் பின்னால் நாலு பேர் ஓடி வந்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அவள் திட்டவில்லை. மூச்சு வாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தனை நாளா எதைப் பாத்து வீடு வந்து சேர்ந்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "இந்த ஆஸ்பத்திரிக்கு நானும் தினமும் அந்த வழியாத்தான் போறேன். ஒரு திமிங்கிலமும் என் கண்ணுல படல. எனக்கும் காட்டுங்க மாமா" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று இருவரும் போனோம். நான் முன்னால், அவள் பின்னால். எல்லாவற்றையும் காட்டினேன். என்னவோ நானே வரைந்தது போல ஒரு பெருமை.

ஆனால் ஒன்றை அவள்தான் கண்டுபிடித்தாள். மருந்துக்கடைச் சுவரில், கணுக்கால் உயரத்தில், எறும்பு வரிசை. நிஜ எறும்பு என்று நினைத்து உதறிக்கொண்டு நகர்ந்தாள். அப்புறம் குனிந்தாள். ஒவ்வொன்றும் தன் வாயில் ஏதோ ஒன்றைக் கவ்விக்கொண்டு போகிறது — ஒன்று சாவி, ஒன்று பொத்தான், ஒன்று ஒற்றைச் செருப்பு. நடைபாதையில் முட்டி போட்டு, ஊர்ந்து ஊர்ந்து முனை வரைக்கும் போனாள். கடைக்காரர் வெளியே வந்து, "என்னம்மா தொலைச்சீங்க?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்த வாக்கிலேயே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடமாகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊர் மாறுகிறோம். அவள் டப்பாக்களைக் கட்டுகிறாள். நான் போய்த் திமிங்கிலத்திடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

இந்த ஊரில் மேடும் பள்ளமும் அதிகம். மூன்றாவது மாடியில் வீடு. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் துவைத்த துணிகள்.

ரசமட்டம் வந்திருந்தார். லேப்புக்கு இயந்திரங்கள் விற்கிற நிறுவனத்தின் ஆள். இவள் எந்த ஊரில் லேப் அமைத்தாலும் இயந்திரத்தைப் பொருத்த அவர் வருவார். மேசை மட்டமாக இல்லையென்றால் ரத்தக் கணக்கே தப்பாகிவிடுமாம். அதனால் சட்டைப்பையில் எப்போதும் மட்டம் பார்க்கிற ரசமட்டம். நான் வைத்த பெயர்தான் அது, எதிரில் சொல்வதில்லை. நம் வீட்டு டீ மேசையில் கூட வைத்துப் பார்த்தார். குமிழி ஓரமாக ஓடியது. "ஐயா, ஒரு அட்டை குடுங்க" என்று வாங்கி, மடித்து, மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் டீயைத் தொட்டார். தனி ஆள். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதுவும் அளந்துதான்.

அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக வந்தாராம். பகல் நாலு மணிக்கு என்ன பத்திரம் வேண்டியிருக்கிறது?

மே 18, ஞாயிறு

சமையலறையில் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

மகள் போன் செய்தாள். எனக்கு ஒரே மகள், வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறாள். எடுத்த எடுப்பில் தொடங்கிவிட்டாள்.

"ஏம்ப்பா, இன்னும் எத்தனை ஊருக்கு அண்ணி பின்னாடியே சுத்துவீங்க? அவங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா? நீங்க நடுவுல உக்காந்திருந்தா எவன் வருவான்? இங்க மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. வந்துடுங்க."

நாக்கில் நரம்பில்லாமல் பேசுவாள். ஆனால் பொய் பேசமாட்டாள், அதுதான் கஷ்டம்.

நான் நடுவுலயா உக்காந்திருக்கேன்? மூலைலதானே உக்காந்திருக்கேன்? சத்தம் போட்டு ரேடியோ கூட வைக்கறதில்லையே.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முனையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் பக்கச் சுவரில் சாரம் ஏற்றியிருக்கிறார்கள். எல்லாம் இரும்பு. மேல் தட்டில் ஒரு பெண் நின்று, வாளியில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். பார்த்தால் குறுக்குக் கம்பியே இல்லை.

"ஏம்மா! குறுக்குக் கம்பி இல்லாம ஏறி நிக்கறியே, உயிர் மேல ஆசை இல்லையா?"

"இப்பல்லாம் பூட்டிக்கிற மாதிரி வந்திருக்கு தாத்தா. வேணும்னா ஆட்டிப் பாருங்க."

ஆட்டினேன். அசையவில்லை.

"நல்லா ஆட்டுங்க."

நல்லா ஆட்டினேன். என் தோள்தான் வலித்தது. "சரி சரி, எறங்கும்போது பாத்து எறங்கு" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இறங்கி வந்து சிரித்தாள். புருவத்தில் மஞ்சள் பெயின்ட், ஒரு முழங்காலில் துணிக்கட்டு. ஊர் ஊராகப் போய்ச் சுவரில் வரைவதுதான் அவள் பிழைப்பாம். இந்தத் தெருக்காரர்கள் சுவரைக் கொடுத்து, தினமும் உழைக்கிற ஒருத்தரின் முகம் வேண்டும் என்று மட்டும் சொன்னார்களாம். தலையைச் சாய்த்து என்னையே பார்த்தாள்.

"உங்களையே வரையட்டுமா? சுருக்கமெல்லாம் நல்ல ஆழமா இருக்கு."

"அவ்வளவு பெருசா வரைஞ்சா அதுல குருவி கூடு கட்டிடும். நான் வேணாம்மா." அப்புறம், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "என் மகன வரையிறியா?" என்று கேட்டுவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

போட்டோ இருக்கிறதா என்று ஓவியக்காரப் பெண் கேட்டாள். இருக்கிறது. ஆனால் எந்தப் போட்டோவிலும் அவன் அவனாக இல்லை. கேமராவைக் கண்டால் திருடனைப் போல முழிப்பான்.

"அப்ப வாயால சொல்லுங்க" என்றாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொன்னேன்.

டவுன் பஸ் ஓட்டினான். விசில் கொடுத்தாலும் உடனே கிளம்பமாட்டான். தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பான், கடைசி ஆள் ஏறிவிட்டாரா என்று. யாராவது தூரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் காத்திருப்பான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அவன் அசையமாட்டான். அந்தப் பார்வைதான் வேண்டும் என்றேன். இடது புருவம் மட்டும் லேசாக ஏறும். வாய் மூடியிருக்கும், ஆனால் ஏதோ கேட்பது போல இருக்கும். கீழ் உதட்டில் சின்ன வெட்டு, ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது.

அழித்தாள், போட்டாள், அழித்தாள். "கண்ணு இன்னும் கொஞ்சம் உள்ள போகணும்" என்றேன். "மூக்கு சரி. அதத் தொடாத."

திடீரென்று அட்டையில் அவன் இருந்தான்.

ஜூன் 15, ஞாயிறு

மருமகளிடம் சொல்லவில்லை. சாரத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. "உள்ள என்ன வரையறாங்க மாமா?" என்றாள். "யாரோ டிரைவராம்" என்றேன். எனக்கே என் நடிப்பு பிடித்திருந்தது.

அவளுக்கு இதைவிடப் பெரிதாக நான் என்ன கொடுத்துவிட முடியும்? தினமும் போகும்போதும் வரும்போதும் பார்க்கலாமே.

ஜூன் 22, ஞாயிறு

வலை இறங்கியது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் நிறுத்தினேன்.

மூன்று மாடி உயரத்துக்கு என் பிள்ளை. பஸ்ஸின் முன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்களைப் பார்க்கிறான். ஏறியாச்சா என்று கேட்கிறான். தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் வெட்கமில்லாமல் ஒவ்வொருவரிடமும், "என் மகன், என் மகன்" என்றேன்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே இருக்கார் மாமா" என்றாள். வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள். காலையில்தான் துவைத்திருந்தாள்.

ஜூலை 5, சனி

ரசமட்டம் வருவதே இல்லை. வலை இறங்கியதற்குப் பிறகு ஒரு முறை கூட வரவில்லை. வேலை அதிகமோ என்று கேட்டேன். "தெரியல மாமா" என்றாள்.

இன்னொன்று. அவள் செருப்பில் செம்மண். ஆஸ்பத்திரிக்கு நேர் சாலை முழுக்கத் தார். பின்பக்கச் சந்தில்தான் குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள். அந்தச் சந்து வழியாகப் போனால் தூரம் கூடும், மேடு ஏற வேண்டும்.

அந்த வழியாகப் போனால் சுவர் வராது.

ஜூலை 9, புதன்

ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். ரசமட்டம் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், தப்பு செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"டீ குடிக்க வரதில்லையே?" என்றேன்.

"வரணும்ங்கய்யா."

"வரணும்னா வரதுதானே."

சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, கையிலேயே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஐயா, கோச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்கு அவரைத் தாண்டித்தான் வரணும். அவரு என்னையே பாக்கறாரு. அவங்ககூட நடந்து வரப்ப... என்னால முடியலைங்கய்யா. அவங்களுக்கும் முடியல. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கவும் இல்ல."

"மேசை மறுபடி ஆடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆடவில்லை.

ஜூலை 10, வியாழன்

நான் ஒரு முட்டாள். மகள் சொன்னது சரி. மூலைல உக்காந்திருந்தவன் எழுந்து போய் நடு ரோட்டுல, மூணு மாடி உசரத்துக்கு, அவ வழிய அடைச்சு வச்சிருக்கேன். யாரு வருவாங்க அதைத் தாண்டி? நல்லது செய்யறேன்னு — யாருக்கு நல்லது? எனக்குத்தானே. அவன் முகத்தைப் பாக்கணும்னு எனக்குத்தானே தவிப்பு. அதை அவ தலைல கட்டிட்டேன்.

மகளுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"எங்க கிளம்பறீங்க?"

"மக வீட்டுக்கு. மாடி ரூம் காலியா இருக்காம்."

"காலியா இருந்தா வாடகைக்கு விடச் சொல்லுங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் மடித்து வைத்த சட்டையை எடுத்துப் பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். பிறகு பேசினாள்.

"உங்களுக்கு அது எவ்வளவு சந்தோஷம்னு தெரியும் மாமா. அதான் வாயத் திறக்கல. தினமும் காலைல அவரு ஏறியாச்சான்னு கேக்கறாரு. நான் ஏறாம அவரை நிக்க வச்சிட்டு வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்தா, இன்னும் நிக்கறாரு. அதான் சந்து வழியாப் போக ஆரம்பிச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம், அவரு மூணு மாடி உசரமெல்லாம் இல்ல மாமா. என்னைவிட நாலு விரல் ஜாஸ்தி. அவ்வளவுதான். அந்த அளவு எனக்கு மறந்து போயிடுமோன்னு பயமா இருக்கு."

"அழிச்சிடச் சொல்றேன்" என்றேன்.

"ஐயோ, அழிக்கவா? வேணாம் மாமா!"

"பின்ன என்னதான் பண்றது?"

"தெரியலையே."

இரண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவள், "எனக்குத் துணைன்னு வந்தீங்க. பாதி வழில எறங்கினா என்ன அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மகளிடம் அவளே பேசினாள். அந்தப் பக்கம் என்ன திட்டு விழுந்ததோ, இவள் "சரி, சரி, சரி" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 15, செவ்வாய்

ஓவியக்காரப் பெண் இதே ஊரில் ஒரு பள்ளிக்கூட மதிலில் வரைந்துகொண்டிருக்கிறாள். போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"சுவத்துல வரையறவளுக்கு அழியிறது புதுசு இல்ல தாத்தா. மழை அழிக்கும். போஸ்டர் ஒட்டறவன் அழிப்பான். ஆனா வரையச் சொன்னவரே வந்து நிக்கறது இதான் முதல் தடவை" என்றாள். முகம் சுண்டிவிட்டது. அவளுக்கும் அது பிள்ளை மாதிரிதானே. நான் போகலாம் என்று எழுந்தேன்.

"உக்காருங்க. கடைசி ஆள் ஏறினப்புறம் உங்க மகன் என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவான், வண்டிய எடுப்பான்."

"எடுக்கறப்ப எங்க பாப்பாரு?"

"ரோட்டத்தான்."

"அப்ப அதை வரைஞ்சிடலாம். எல்லாரும் ஏறியாச்சு. நாம பஸ்ஸுக்குள்ள உக்காந்து அவரு முதுகைப் பாக்கறோம். முன்னாடி ரோடு. தெருக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்." அட்டையைத் தேடி எடுத்தாள். "சொல்லுங்க, பின்னந்தலை எப்படி இருக்கும்?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

எனக்கா தெரியவில்லை? கட்டிய கட்டடம் ஒவ்வொன்றின் படிக்கட்டும் நினைவிருக்கிறது. அவன் குழந்தையாக இருந்தபோது தலையில் சுழி எங்கே இருந்தது, தெரியும். மீசை முளைத்த பிறகு மகனின் பின்னந்தலையை எந்த அப்பன் உட்கார்ந்து பார்க்கிறான்?

வீட்டுக்கு வந்து மருமகளிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பார்த்தால் சிரிக்கிறாள்.

"அது எனக்குத்தான் மாமா தெரியும். காலேஜுக்கு அவரு பஸ்லதான் போவேன். டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. ரெண்டு வருஷம் அந்தப் பின்கழுத்தத்தான் பாத்தேன். முகத்த அப்புறம்தான் பாத்தேன்."

"உங்க சம்பந்தம் அவன் பெரியம்மா பேசி வந்ததுதானே?"

"பெரியம்மாகிட்ட போய்ப் பேசச் சொன்னதே அவருதான்."

அடப்பாவி! இத்தனை வருடமாக அந்தச் சம்பந்தத்தைப் பார்த்து முடித்தவன் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று ஓவியக்காரி அவன் கண்கள் மீது வெள்ளை அடித்தாள். நான் எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. சாரத்துக்குக் கீழே, சுவரோடு சுவராக நின்றேன். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் முகமெல்லாம் தெரியாது. வெறும் சுவர்தான். கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

மருமகள் எதிர்ப்பக்கம் நின்று கத்துகிறாள். ஓவியக்காரி மேலே நின்று கேட்கிறாள். நான் நடுவில், தெருவைப் பார்த்து வண்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"காலர் ஒரு பக்கம் எப்பவும் மடங்கியிருக்கும்! இடது பக்கம்!"

"இவ்வளவு போதுமா?"

"இன்னும்! வலது காதுக்குக் கீழ முடி வெட்டறவரு எப்பவும் கொஞ்சம் விட்டுடுவாரு. அது அப்படியே வேணும்!"

"வேற?"

"கழுத்துல மச்சம். சின்னது. இல்ல, அவ்வளவு சின்னது இல்ல!"

கூட்டம் கூடிவிட்டது. ஒரு அம்மாள் என்னிடம், "அந்தப் பொண்ணு யாரு, மேஸ்திரியா?" என்று கேட்டாள். "அவன் சம்சாரம்" என்று சுவரைக் காட்டினேன்.

கூட்டத்தின் ஓரத்தில் ரசமட்டம் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவள் பார்த்துவிட்டாள். கத்துவதை நிறுத்தினாள். அவர் கிட்ட வந்து, சுவரை நிமிர்ந்து பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஸ்டியரிங் கொஞ்சம் சாஞ்சிருக்குங்க, வலது பக்கம்" என்றார்.

"அவரு அப்படித்தான் புடிப்பாரு" என்றாள் அவள்.

"அப்ப சரி" என்றார். அங்கேயே நின்றுகொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வலை இறங்கியது. முன்னால் நீளமாக ஒரு சாலை. அவன் முதுகு. தலைக்கு மேல் கண்ணாடியில் சின்னச் சின்ன முகங்கள், எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். சௌகரியமாக ஓட்டட்டும்.

சொல்கிறேனே தவிர, எனக்கு இன்னும் அந்த முகம்தான் வேண்டும். அது என் பாடு. கண்ணை மூடினால் வருகிறது, எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 6, புதன்

அவள் செருப்பில் செம்மண் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கையெழுத்து போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மகள் வந்திருந்தாள். வழக்கம்போல நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டு, போகும்போது மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாட்சி போட என்னைக் கூப்பிட்டார்கள். கட்டைவிரலில் மை தடவி, நன்றாக அழுத்தி வைத்தேன். அந்த அலுவலர், "மெதுவா வைங்க பெரியவரே, பேப்பர் கிழிஞ்சிடப் போகுது" என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்னொரு ஊர். வந்து நாலைந்து நாள்தான் ஆகிறது. மூன்று பேரும் சுவர் பார்க்கக் கிளம்பினோம். ரசமட்டம் எனக்காக ஒரு மடக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை.

முதல் சந்திலேயே இரண்டு பேருக்கும் சண்டை. இடது பக்கம் என்கிறாள் இவள். போனைப் பார்த்து வலது என்கிறார் அவர். நான் இரண்டும் இல்லாமல் நேராகப் போனேன், பின்னால் வந்தார்கள். படம் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கியின் சுவர், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் வெள்ளை. முன்னால் மூங்கில் சாரம் கட்டியிருக்கிறது. வேலைக்காரர்கள் யாரும் இல்லை.

"இதுல என்ன இருக்கு?" என்றார் ரசமட்டம்.

"இன்னும் ஒண்ணும் வரல. மாமா சாரத்தைப் பாக்கறாரு. அவருக்கு நேரமாகும்" என்றாள் அவள். எனக்காகக் கொண்டுவந்த நாற்காலியை விரித்து அதில் தானே உட்கார்ந்துகொண்டாள். அவர் பக்கத்தில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார்.

மூங்கிலும் கயிறும். எவ்வளவு நாளாயிற்று பார்த்து. ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே போனேன். நல்ல கை. எங்கும் தளர்வில்லை. பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் தோளில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தாள். அவர் அசையாமல், மூச்சைக் கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முடிச்செல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.